யார் பெயரில் அந்தப் பச்சைக் கார்

தம்பி ராசா,

நீ அனுப்பிய படங்களை இன்றைக்கும் எடுத்துப் பார்த்தேன். கடும் பச்சை நிறத்தில், இரண்டு கதவோடு, பதுங்கியிருக்கும் பூனை போல அந்தக் கார் டெக்சாசில், டல்லாஸ் நகரில், யாரோ ஒருவருடைய வீட்டு வாசலில் நிற்கிறது. "வாங்கட்டே அம்மா?" என்று கேட்டாய். "உன்ரை உழைப்பு, உன்ரை விருப்பம்" என்று சொல்லிவிட்டு, கறி அடிப்பிடிக்குது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் அப்போது ஒன்றும் இருக்கவில்லை. பக்கத்தில் அப்பா இருந்தார். அவர் இருக்கும்போது சொல்ல முடியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதனால் அவர் படுத்த பிறகு குசினி மேசையில் இருந்து, ஒரு புத்தகத்துக்குக் கீழே தாளை வைத்து எழுதுகிறேன். வகுப்பில் மிஸ்ஸுக்குப் பயந்து ஒளித்து எழுதுகிற பிள்ளை மாதிரித்தான். அறைக் கதவு அசைந்தால் தாள் புத்தகத்துக்குள் போய்விடுகிறது. அது என்ன புத்தகம் என்று பிறகு சொல்கிறேன்.

வருகிற சனிக்கிழமை நீ கலிபோர்னியாவில் இருந்து டல்லாசுக்குப் போய்க் காரைக் கையேற்கப் போவதாகச் சொன்னாய். அதற்குள் இதைப் படம் பிடித்து அனுப்பிவிடுவேன். குரலில் பதிந்து அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ வேகத்தைக் கூட்டிவைத்துக் கேட்பாய், பாதியில் இன்னொரு அழைப்பு வரும். தமிழில் எழுதினால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். நீ மெதுவாக வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். வாசித்த பிறகு டெக்சாசில் இருக்கிற நிரோஷனுக்கும் காட்டு. அவனுக்குத் தெரியக்கூடாதது இதில் ஒன்றும் இல்லை.

முதலில் காரைப் பற்றி. கார் அழகுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. பகல் முழுக்க ஆய்வுகூடத்தில் பற்றரி சோதிக்கிற ஆள் பின்னேரத்தில் பெற்றோல் குடிக்கிற கிழட்டுக் கார் தேடுவது வேடிக்கையாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் காரைப் பற்றி நீ கதைக்கத் தொடங்கினால் எனக்கும் பாதி பாடமாகிவிடும். ஜெர்மனியில் செய்தது. ஆனால் அமெரிக்காவில் விற்கச் செய்ததல்ல, ஐரோப்பாவில் விற்கச் செய்தது. அதனால் பம்பர் மெல்லிசு, எடை குறைவு, என்ஜினுக்குக் கொஞ்சம் கூடப் பலம், புகை வடிகட்டி இல்லை. பின்னால் ஒரு பக்கம் மட்டும் பனிப்புகார் விளக்கு. வேகமானியில் மைல் இல்லை, கிலோமீட்டர். சேஸிஸ் இலக்கத்தின் நடுவில் மூன்று 'ஸெட்' வரிசையாக நிற்கிறது, அதுதான் ஐரோப்பியப் பிறப்பின் அடையாளம் என்றாய். இருபத்தைந்து வயது தாண்டிய கார் என்பதால் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்குள் விட்டார்களாம். பின்னால் இன்னும் பிரெஞ்சு இலக்கத்தகடு, கடைசியில் பரிசின் எண்ணான 75. முன் கண்ணாடியின் மூலையில், அந்தக் காலத்தில் இங்கே பரிசில் நாங்கள் வருடாவருடம் வாங்கி ஒட்டிய வரிச் சீட்டு, கிழிந்தபடி. அதைக் கண்டவுடன் நீ போனில் கத்தினாய்: "அம்மா, பரிஸ் கார்! எங்கட கார்!"

அந்த 'எங்கட' என்ற சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன்.

இந்த ஆசை எங்கே முளைத்தது என்று எனக்குத் தெரியும். உனக்கு எட்டு வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம். நான் அலுவலகங்கள் துப்புரவாக்கிய காலம், லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள். அப்பா உன்னைத் தன்னுடைய வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பரிசில் ஒபேராப் பக்கம், நிலத்துக்குக் கீழே மூன்றாம் தட்டில் ஒரு கார் தரிப்பிடம். காவல் இருப்பதும் கார் கழுவுவதும் அவருடைய வேலை. இதே மொடலில் சிவப்புக் கார் ஒன்று அங்கே நின்றது, ஒரு வயதான பிரெஞ்சு மெஸ்யூவுடையது. அப்பா அதைக் கழுவித் துடைத்து, ஆசனத்தில் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் உன்னை இருத்தியிருக்கிறார். ஒன்றையும் தொடாதே என்றும் சொல்லியிருக்கிறார். நீ எல்லாவற்றையும் தொட்டாய். அந்த நேரம் பார்த்து மெஸ்யூ வந்துவிட்டார். வேலை போய்விட்டது என்றே அப்பா நினைத்தாராம். அந்த மனிதர் ஏசவில்லை. திறந்திருந்த கதவால் கையை விட்டுச் சாவியைத் திருப்பி, உன் காலுக்கு எட்டாத பெடலைக் காட்டி, "அழுத்து" என்றார். நீ ஆசனத்தில் சறுக்கிப் படுத்து அழுத்தியிருக்கிறாய்.

நான் வேலை முடிந்து உன்னைக் கூட்டிப் போவதற்காக அப்போதுதான் சரிவுப் பாதையால் இறங்கிக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது சத்தம். அந்தக் கொங்கிறீற் குகைக்குள் சுவருக்குச் சுவர் மோதி, என் செருப்பின் அடியில் நிலம் அதிர்ந்தது. ஏதோ விபத்து என்று ஓடினேன். பார்த்தால் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு உன் அப்பா சிரிக்கிறார். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கண்டதில்லை. "பிள்ளையின்ரை காது செவிடாகப் போகுது, உங்களுக்கு என்ன சிரிப்பு?" என்று கத்தினேன். "இஞ்சாரும், கத்தாதேயும். கேளும்! ஒருக்கா கேளும்!" என்றார். நான் கேட்கவில்லை. உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

ஆகவே நீ இந்தக் காரை உனக்காக மட்டும் வாங்கவில்லை. கோடைக்கு அப்பாவைக் கூப்பிட்டு, கடலோரப் பாதையில் அவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்க வேண்டும் என்பது உன் எண்ணம். அவர் வாழ்நாளில் எத்தனையோ பேருடைய கார்களைக் கழுவினார், ஒன்றையாவது ஓடட்டும் என்று நினைக்கிறாய். பிள்ளை இப்படி நினைப்பது பெற்றவர்களுக்குக் கிடைக்கிற பெரிய சொத்து. ஆனால் உன் வாயால் கேட்ட சில விஷயங்கள் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. நாம் கதைத்ததை மறந்திருப்பாய், ஞாபகப்படுத்துகிறேன்.

"கப்பலாலை இறக்கேக்கை துறைமுகத்திலை குடுத்த பேப்பர் இருக்கோ தம்பி?"

"அது வீடு மாறேக்கை துலைஞ்சு போச்சாம் அம்மா. டெக்சாஸ் பதிவு இருக்குத்தானே."

"டெக்சாஸ் பதிவை உங்கட கலிபோர்னியாவிலை ஏற்பினமோ?"

"அதிலைதான் ஒரு சின்னப் பிரச்சினை. இந்த மாதிரி வெளிநாட்டுக் காரெண்டால் துறைமுகப் பேப்பரும் கேப்பினம், தனி லாபிலை புகைச் சோதனையும் கேப்பினம். பாதி என்ஜினை மாத்தச் சொல்லுவினம். அதுதான் நிரோஷன் அண்ணையின்ரை பேரிலை அங்கையே பதிஞ்சுபோட்டு, நான் இஞ்சை கொண்டுவந்து ஓடப்போறன்."

"அவன்ரை பேரிலையோ?"

"ஐயோ அம்மா, பயப்பிடாதேங்கோ. நிரோஷன் அண்ணை எங்கட ஆள்தானே!"

நிரோஷன் நல்ல பிள்ளை. பரிசுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில் நாங்கள் இருந்த காலத்தில் எதிர் வீட்டில் வளர்ந்தவன். அவனுடைய தாயும் நானும் இன்றும் மாதா கோவிலில் ஒரே வரிசையில் நின்று பாடுகிறோம். அவனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் காரை விற்கிற அமெரிக்கரும் பொய்க்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனி. ஓடிய கிலோமீட்டர்க் கணக்கை டெக்சாஸ் பதிவில் மைல் என்று எழுதியிருக்கிறார்கள் என்று நீதான் சொல்லிச் சிரித்தாய். கார் ஒன்று சொல்கிறது, அதன் தாள் வேறொன்று சொல்கிறது. வெளி மெக்கானிக் ஒருவரிடம் காட்டினாயா என்று கேட்டேன். "அந்த மனிசன் மனம் நோகும் அம்மா" என்றாய். வேறு நாட்டில் பிறந்து வளர்ந்தாலும் இந்த விஷயத்தில் நீ எங்களுடைய பிள்ளைதான். நம்பினால் கேள்வி கேட்கக் கூடாது, கேட்டால் மரியாதைக் குறைவு என்பது எங்கள் ஆட்களின் பழக்கம். அந்தப் பழக்கத்தில் நாங்கள் ஒரு காரை இழந்தோம்.

உன் ஞானஸ்நானத்துக்குப் பொரித்த றோல்ஸ் பலகாரத்தின் கதை உனக்குத் தெரியும் என்பாய். அதில் சிரிப்பு வருகிற பாதியை மட்டுமே உனக்குச் சொல்லி வந்திருக்கிறோம். அப்போது பரிசில் மார்க்ஸ் டோர்மோய்ப் பக்கம் இன்னொரு குடும்பத்தோடு ஒரு வீட்டைப் பகிர்ந்து இருந்தோம். எங்கள் பெயரில் வாடகைச் சீட்டும் இல்லை, மின்சார பில்லும் இல்லை. அப்பாவுக்கு விடிகாலை வேலை, மெட்ரோ தொடங்குவதற்கு முன் போக வேண்டும். ஒரு பழைய வெள்ளைக் கார் மலிவாக வந்தது. முகவரி காட்ட எங்களிடம் தாள் இல்லாததால், யோகன் அண்ணையின் பெயரில் 'கார்த் கிறிஸ்' எடுத்தோம். இங்கே காரின் பதிவுப் பத்திரத்துக்கு அதுதான் பெயர். யோகன் அண்ணை அப்பாவின் ஊர்ச் சிநேகிதர், எங்களுக்கு முன்பே வந்து பத்து வருட விசா எடுத்தவர். "என்ரை பேர் என்ன, உன்ரை பேர் என்ன, ரெண்டும் ஒண்டுதான்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். அந்தச் சொல்லைக் கேட்டு நாங்கள் இருவரும் நெகிழ்ந்துபோனோம். அவர் பிறகு கனடாவுக்குப் போனபோதும் பெயரை மாற்ற வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

உன் ஞானஸ்நானத்துக்கு முதல் நாள், குசினியில் இடம் இல்லை என்று, பொரித்து அடுக்கிய றோல்ஸ் தட்டுகளையும் கேக்கையும் காரின் டிக்கிக்குள் வைத்துப் பூட்டினோம். குளிர்காலம், பழுதாகாது. விடிந்து பார்த்தால் கார் இல்லை. நிறுத்தக்கூடாத இடத்தில் நின்றதென்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா கோட்டும் சப்பாத்துமாக, இழுத்த கார்களை அடைத்து வைக்கிற இடத்துக்கு ஓடினார். "சொந்தக்காரர் வரட்டும்" என்றார்கள். சாவியைக் காட்டினார். "சாவி யாரிடமும் இருக்கலாம், மெஸ்யூ." சரி, கார் வேண்டாம், உள்ளே இருக்கிற சாப்பாட்டையாவது தாருங்கள் என்று கேட்டார். கார் உங்களுடையதில்லை என்றால் அதற்குள் இருப்பதும் உங்களுடையதில்லை என்றுவிட்டார்கள். கோவில் மண்டபத்துக்கு வந்த ஆட்களுக்கு லா சப்பலில் தமிழ்க் கடை கடையாக ஓடி வாங்கிய இடியப்பமும் சொதியும் கொடுத்தோம். உன் பெரியப்பா சும்மா இருப்பாரா? "ஞானஸ்நானம் பிள்ளைக்கோ, றோல்ஸுக்கோ? அங்கை பொலிஸ்காரர் இப்ப ஆசீர்வதிச்சுக்கொண்டிருப்பாங்கள்" என்றார். மண்டபமே சிரித்தது. இதுவரைதான் உனக்குத் தெரியும்.

மற்றப் பாதி இது. கார் வெளியில் வர யோகன் அண்ணையின் கையெழுத்தும் அடையாள அட்டைப் பிரதியும் தேவைப்பட்டன. அப்பா ரொறன்ரோவுக்குப் போன் எடுத்தார். நான் பக்கத்தில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பக்கத்தில் அண்ணை, "டேய், நான் பிரான்சிலை இருந்தனெண்டு இஞ்சை சொல்லேல்லையடா. அந்தப் பேப்பரிலை நான் கையெழுத்து வைச்சால் என்ரை அகதிக் கேஸ் முடிஞ்சுது" என்றார். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. "சரி அண்ணை, விடுங்கோ, அது பழைய கார்தானே" என்று சொல்லிப் போனை வைத்தார். காரை நொறுக்கிவிட்டார்கள். ஆனால் அந்தக் கார் பெயரில் வந்த கடிதங்கள் யோகன் அண்ணையின் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டே இருந்தன. தன்னைத் தேடி வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் முதலில் எங்களுடைய அழைப்பை எடுப்பதைக் குறைத்தார், பிறகு இலக்கத்தை மாற்றிவிட்டார். ஒருவரிலும் பிழை இல்லை. அவர் எங்களுக்கு உதவத்தான் வந்தார், நாங்களும் அவரைக் காப்பாற்றத்தான் காரை விட்டோம். அப்படியிருந்தும் ஒரே பாயில் படுத்து வளர்ந்த இரண்டு பேர் இன்றைக்கு ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. யோகன் அண்ணையின் பெயர் வந்தால் அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார், கவனித்திருப்பாய்.

நீ அங்கே வேலை விசாவில் இருக்கிறாய். நிரோஷன் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறான் என்று அவனுடைய தாய் சொன்னாள். நீ அந்தக் காரில் யாரையாவது இடித்துவிட்டால், கடவுள் காக்க, முதலில் தட்டப்படுவது நிரோஷனுடைய கதவு. காப்புறுதிக்காரன் கேட்பான்: டெக்சாசில் நிற்க வேண்டிய கார் கலிபோர்னியாவில் என்ன செய்கிறது? அப்போது நீ பொய் சொல்ல வேண்டும், அல்லது அவன் சொல்ல வேண்டும். ஒரு காருக்காக நீங்கள் இருவரும் அந்த நிலைக்கு வர வேண்டுமா? விற்பவரிடம் கேள். மனம் நோகாது. நல்ல மனிதர் என்றால், நீ கேட்பதைக் கண்டு சந்தோஷப்படுவார். துறைமுகத்தில் பதிந்த தாளின் பிரதியைத் தேடி எடுத்துத் தர முடியுமா என்று கேள். உன் ஊர் வாகன அலுவலகத்துக்கு நீயே போய், இந்தக் கார் என் பெயரில் வருமா, என்ன மாற்ற வேண்டும் என்று காசு கொடுப்பதற்கு முன் கேள். அந்த லாபில் பாதி என்ஜினை மாற்றினால் பிறகு அது நீ ஆசைப்பட்ட கார்தானா என்றும் உன்னையே கேள். வருமென்றால் சந்தோஷமாக வாங்கு. இதே மொடலை அமெரிக்காவுக்கென்று செய்ததும் இருக்கிறதல்லவா? பம்பர் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதானே. உன் பெயரில் இருக்கும்.

இனி, போனில் சொல்ல முடியாததற்கு வருகிறேன். அந்தக் காரை அப்பா ஓடப் போவதில்லை, தம்பி.

அவருடைய கண்ணுக்குள் அழுத்தம். பக்கப் பார்வைதான் முதலில் போகுமாம், அது கனக்கப் போய்விட்டது. ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பது போல நடுவில் தெரிகிறது. போனது திரும்பாது, இருப்பதைக் காக்கலாம் என்று சொட்டு மருந்து தந்திருக்கிறார்கள். இனிக் கார் ஓட வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நீ படத்தை அனுப்பியபோது, போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்து, "நல்ல நிறமடா தம்பி" என்றாரே, ஞாபகம் இருக்கிறதா? எந்த நிறம் என்று சொல்லவில்லை. நீ வைத்த பிறகு என்னிடம் கேட்டார்: "இஞ்சாரும், அது கறுப்போ?" கோடைக்கு வரச் சொல்லி நீ கேட்கும்போதெல்லாம் அங்கே வெயில் கூட, தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவர் சாட்டுச் சொல்வதும் இதனால்தான். "பிள்ளைக்குச் சொல்லாதேயும், வேலையை விட்டிட்டு ஓடி வந்து நிப்பான்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அதை இப்போது உடைக்கிறேன். ஏனென்றால் நீ அவருக்காக அவசரப்படுகிறாய். இதைக் கேட்டால் இன்னும் அவசரப்படுவாய், கண் இருக்கும்போதே காட்டிவிட வேண்டும் என்று. அதுதான் என் பயம். கேள்வி கேட்காமல் காசைக் கொடுக்க அன்பைப் போல வசதியான காரணம் வேறு இல்லை.

எங்களுக்கும் ஒரு அவசரம் வந்தது. பரிசின் ஸ்டாலின்கிராட் சந்தியில், மேலே மெட்ரோ ஓடுகிற பாலத்துக்குக் கீழே எங்கள் காரில் வரும்போது, இடப்பக்கத்தால் வந்த சைக்கிள்காரப் பெண்ணை அவர் காணவில்லை. நான் கத்திக் குளறினேன். பிறேக் பிடித்தார். அந்தப் பெண் பொனற்றில் கையால் ஒரு அடி அடித்துவிட்டுப் போனாள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அதற்குப் பிறகு, கார்ஜுக்குப் போக வேண்டுமென்றால், "இண்டைக்கு அங்கை பார்க்கிங் கிடைக்காது, ரயிலிலை போவம்" என்பார். ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகக் கண்டுபிடித்தவர் போலச் சொல்வார். சாவி மட்டும் காற்சட்டைப் பையில்.

அந்தக் கிழமையே நான் மார்க்ஸ் டோர்மோயில் ஒரு ஓட்டோ எக்கோலில், கார் ஓடப் பழக்குகிற பள்ளியில், பெயர் பதிந்தேன். ஓம், நான்தான். என் தாளுக்கு மேலே இருப்பது வீதிச் சட்டப் புத்தகம். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அதற்குச் செய்தித்தாளில் உறை போட்டிருக்கிறேன், அப்பா கண்டால் தன் கதை முடிந்தது என்று நான் முடிவெடுத்துவிட்டதாக நினைப்பாரே என்று. வகுப்பில் எல்லாரும் பதினெட்டு வயதுக்காரர். எனக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டை விடைகளை என்னைப் பார்த்து எழுதுகிறாள், பாவம், அவளுக்கும் சேர்த்துப் பிழையாகிறது. சொல்லித் தருகிற நாதியா உன்னை விட இளையவள். போர்த் து லா சப்பல் சுற்றுவட்டத்தில் என் கார் நின்றுவிட்டபோது, பின்னால் லொறிக்காரர்கள் எல்லாரும் ஹோர்ன் அடிக்க, "மதாம், அவர்களுக்கு அவசரம், உங்களுக்கு இல்லை. மூச்சு விடுங்கள், பிறகு சாவியைத் திருப்புங்கள்" என்றாள். ஒரு மூச்சு விட்டுத் திருப்பினேன். கார் ஓடியது. அவள் சொன்னதை நான் உனக்கும் சொல்லுகிறேன்.

இதற்கு மேல் எழுதுவது ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில். பூசை முடிந்து வந்து, அப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கிறார் என்ற துணிவில் புத்தகத்தை விரித்தேன். செருப்புச் சத்தம் கேட்டது. வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"இஞ்சாரும், ஒரு சந்தி. பலகையும் இல்லை, லைற்றும் இல்லை. வலப்பக்கத்தாலை ஒரு கார் வருது. ஆர் முதல் போறது?"

"வலப்பக்கத்தாலை வாறவர்."

"ஓம். ஆனா அது அவருக்குத் தெரியுமெண்டு நம்பிப் போகாதேயும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நித்திரையிலை பிறேக், பிறேக் எண்டு எனக்குக் காலாலை உதைக்கிறீர். தெரியாமல் இருக்குமோ?"

காற்சட்டைப் பையில் இருந்து, அந்தோனியார் பதக்கம் தொங்கும் கார்ச் சாவியை எடுத்தார். புத்தகத்தின் மேல் வைத்தார். வைக்கும்போது புத்தகம் சறுக்கியது, கீழே இருந்த தாள்கள் வெளியில் வந்துவிட்டன.

"இது ஆருக்கு?"

"தம்பிக்கு."

"கண்ணைப் பற்றி எழுதினீரோ?"

பொய் சொல்ல நினைத்தேன். "எழுதினன்" என்றேன். அவர் மேசை விளிம்பைத் தடவினார். ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"யோகன் அண்ணையின்ரை கதையும் எழுதினீரோ?"

"ஓம். முழுக்க."

"நல்லது. அப்ப இதையும் எழுதும். தன்ரை பேரிலை வருமெண்டால் வாங்கட்டும். வராட்டி விடட்டும், எனக்குக் கவலை இல்லை. ஆனா அவ்வளவு தூரம் போறான். போன இடத்திலை அந்த மனிசனைக் கேட்டு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணட்டும். போனை என்ஜினுக்குக் கிட்டப் பிடிக்கட்டும். காது எனக்கு நல்லாத்தான் இருக்கு."

எழுதிவிட்டேன், ராசா. ஆகவே சனிக்கிழமை போ. விமானச் சீட்டை வீணாக்காதே. காரைச் சுற்றிப் பார், தாளைக் கேள், மெக்கானிக்கைக் கூப்பிடு. பிறகு வாங்கினாலும் சரி, கையைக் குலுக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்பினாலும் சரி, புறப்படுவதற்கு முன் எங்களுக்கு எடு. படம் வேண்டாம். உனக்கு மதியம் என்றால் எங்களுக்குப் பின்னேரம். போனை மேசையின் நடுவில் வைத்துவிட்டு இருவரும் இருப்போம். மெதுவாகத் தொடங்கு, பிறகு நன்றாக அழுத்து, இப்போது உன் கால் எட்டும்தானே.

இந்த முறை நான் கத்தமாட்டேன். நானும் கேட்பேன்.

அம்மா